குருவானவரின் மனைவி ஏன் எழுந்து போனார்: அன்னி பெசன்ட் நாத்திகரான வழி

ஒருவர் சாமி கும்பிடுவதை நிறுத்திவிட்டார் என்றால் நம் வீடுகளில் அதற்குக் காரணம் தயாராக இருக்கும். ஏதோ பெரிய அடி விழுந்திருக்கிறது, அந்தக் கோபம் என்பார்கள். இல்லாவிட்டால் கண்டதைப் படித்துக் கெட்டுப்போனான், சேரக்கூடாத ஆட்களோடு சேர்ந்தான் என்பார்கள். விட்டுப் போனவர்களைக் கேட்டால் அவர்களும் பெரும்பாலும் 'யோசித்தேன், விட்டேன்' என்று ஒரே வரியில் முடித்துவிடுவார்கள். இரண்டு தரப்பும் சொல்வதில் கொஞ்சம் உண்மை உண்டு. ஆனால் ஒரு மனிதர் நம்பிக்கையிலிருந்து எப்படி வெளியே வருகிறார் என்று படிப்படியாகப் பார்க்க வேண்டுமென்றால், நல்ல பதிவு உள்ள ஒரு வாழ்க்கையை எடுத்துவைத்து நிதானமாகப் படிக்க வேண்டும்.

அதற்கு அன்னி பெசன்டை விடப் பொருத்தமான ஆள் எனக்குத் தெரியவில்லை. நமக்கு அவர், எல்லா மதங்களுக்கும் பொதுவான மெய்ஞ்ஞானத்தைத் தேடிய அடையாறு தியாசாபிகல் சொசைட்டியின் தலைவர், ஹோம் ரூல் இயக்கத்துக்காரர், 1917இல் காங்கிரசின் முதல் பெண் தலைவர். சென்னையில் பெசன்ட் நகரே அவர் பெயரில் இருக்கிறது. அந்த அம்மையார் 1874 முதல் 1889 வரை இங்கிலாந்தின் பெயர்பெற்ற நாத்திகப் பேச்சாளராக இருந்தார். அதற்கும் முன்னால் ஆங்கிலிக்கன் குருவானவர் ஒருவரின் மனைவியாக இருந்தார். தான் விசுவாசத்தை இழந்த வழியை 1893இல் வெளியான தன்வரலாற்றில் அவரே விரிவாக எழுதியிருக்கிறார். இருபது ஆண்டு கழித்து நினைவிலிருந்து எழுதியது என்பதை மறக்கக் கூடாது. ஆனால் எழுதும்போது அவர் நாத்திகத்தையும் விட்டு விலகியிருந்தார். அதற்காக வாதாட வேண்டிய தேவை அவருக்கு இல்லை. அதனால்தான் அந்தச் சாட்சியத்துக்கு நான் இவ்வளவு மதிப்புக் கொடுக்கிறேன்.

நான்கு சுவிசேஷங்கள், நான்கு பத்திகள்

அன்னி வுட் 1847இல் லண்டனில் பிறந்தார். ஐந்து வயதில் அப்பா இறந்துபோனார். அம்மா ஹாரோ ஊரில் பள்ளி மாணவர்களைத் தங்கவைத்து, அந்த வருமானத்தில் குடும்பத்தை நடத்தினார். எலன் மாரியட் என்ற பெண்மணி சிறுமி அன்னியைத் தன்னிடம் வைத்துப் படிக்கவைத்தார். அது பக்தி மிகுந்த வீடு. பெண்ணோ அந்த வீட்டையும் மிஞ்சிய பக்தியோடு வளர்ந்தது. ரோம நீதிபதிகள் முன்னால் விசுவாசத்தை அறிக்கையிட்டுச் சிங்கத்துக்கு இரையாவதாகப் பகல்கனவு காணும். கொஞ்சம் வளர்ந்ததும் உபவாசம் இருந்தார். சரீர வேதனையைத் தாங்க முடிகிறதா என்று பார்க்கத் தன்னையே சாட்டையால் அடித்துக்கொண்டதும் உண்டு. ஆதித் திருச்சபைப் பிதாக்களின் நூல்களை விரும்பிப் படித்தார்.

1866ஆம் ஆண்டு பரிசுத்த வாரம். பதினெட்டு வயது அன்னி, இயேசுவின் கடைசி நாட்களை ஒவ்வொரு நாளாகத் தியானிக்க விரும்பினார். அதற்காக மத்தேயு, மாற்கு, லூக்கா, யோவான் நால்வரும் சொல்வதை நான்கு பத்திகளாகப் பிரித்துப் பக்கத்தில் பக்கத்தில் எழுத ஆரம்பித்தார். எழுத எழுத ஒன்றோடொன்று ஒட்டவில்லை. ஒருவர் சொல்லும் நாளும் இன்னொருவர் சொல்லும் நாளும் இடித்தன. பெண் நடுங்கிப்போனது. இது சாத்தானின் சோதனை என்று முடிவுகட்டி, கூடுதலாக உபவாசம் இருந்து, 'நடக்க முடியாதது என்பதாலேயே நம்புகிறேன்' என்ற பழைய வாசகத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி, அந்தச் சந்தேகத்தை அமுக்கி மூடிவைத்தது.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். முதல் விரிசலை உண்டாக்கியது நாத்திகப் புத்தகமோ கெட்ட நண்பரோ இல்லை. பைபிளை யாரும் சொல்லாமலேயே, அன்பினால், கவனமாகப் படித்ததுதான் அதை உண்டாக்கியது. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்குப் போய் வந்தால் போதும் என்று இருப்பவர் நான்கு பத்தி போட்டு ஒப்பிட மாட்டார். அவருக்கு அந்த முரண்பாடு வாழ்நாள் முழுக்கக் கண்ணில் படாமலே போகும்.

மேபலின் இருமல்

1867 டிசம்பரில் பிராங்க் பெசன்ட் என்ற குருவானவரோடு கல்யாணம். கடவுளுக்கு ஊழியம் செய்பவரின் மனைவியாக இருப்பது தனக்கும் ஊழியம்தான் என்று அன்னி நினைத்தார். கல்யாணம் சீக்கிரமே கசந்தது. கணவர் தன் சொல்லே நடக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர். மனைவி அடங்கி இருக்கும் சுபாவம் இல்லாதவர். 1869இல் மகன் டிக்பி, 1870இல் மகள் மேபல்.

1871இல் செல்டனம் நகரில் இருந்தபோது இரண்டு குழந்தைகளுக்கும் கக்குவான் இருமல் வந்தது. மேபலுக்கு ஒரு வயதுகூட ஆகவில்லை. நோய் நுரையீரலில் இறங்கிவிட்டது. அடுப்பைச் சுற்றித் தட்டி வைத்துக் கூடாரம் மாதிரி அடைத்து, உள்ளே நீராவி நிரப்பி, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு அன்னி வாரக்கணக்கில் இரவும் பகலும் உட்கார்ந்திருந்தார். ஒரு கட்டத்தில் இரண்டு சொட்டுப் பால் இறங்கினாலே குழந்தைக்கு மூச்சு அடைத்தது. ஒரு நாள் காலையில் உடம்பு திடீரென்று வீங்கிவிட்டது. டாக்டர் ஓடி வந்து, இன்று பொழுதைத் தாண்டாது என்றார். அவர் நின்றுகொண்டிருக்கும்போதே அடுத்த இருமல் வந்தது. பையிலிருந்து குளோரோபார்ம் புட்டியை எடுத்து, கைக்குட்டையில் ஒரு சொட்டு விட்டு, குழந்தையின் முகத்தருகே பிடித்தார். இனி இதனால் கெடுதல் எதுவும் இல்லை, வேதனையாவது குறையும் என்றார். அந்த ஒரு சொட்டுதான் குழந்தையைக் காப்பாற்றியது என்று அன்னி பிற்பாடு எழுதினார்.

குழந்தை பிழைத்துக்கொண்டது. இதை நன்றாகக் கவனிக்க வேண்டும். அடிபட்டவர்தான் கடவுளை விடுவார் என்கிற கணக்கின்படி, பிழைத்த குழந்தையைப் பார்த்து அன்னி கோயிலில் நன்றி செலுத்தியிருக்க வேண்டும். அவருக்கோ, தன் கைப்பிள்ளையை வாரக்கணக்கில் வதைத்த கடவுள் மேல் ஆத்திரம்தான் வந்தது. ஒன்றும் அறியாத குழந்தைக்கு ஏன் இந்தத் துன்பம் என்ற கேள்வி, குழந்தை தேறியதால் தேறிவிடவில்லை. இதற்கிடையில் அவருடைய தாயார் நம்பியிருந்த வக்கீல் மோசம் செய்ததில் குடும்பத்தின் பணமும் போயிருந்தது. நல்ல மனிதர்களுக்கு ஏன் இப்படி நடக்கிறது என்பது அவருக்கு ஏட்டுக் கேள்வியாக இல்லை.

சந்தேகப்படுவது சுகமான காரியம் என்று விசுவாசிகள் சிலர் நினைக்கிறார்கள். பக்தியுள்ள மனதுக்கு அது எவ்வளவு பெரிய வாதை என்பது பட்டவர்களுக்கே தெரியும் என்கிறார் அன்னி. அந்த மாதங்களில் படுக்கையாகக் கிடந்தார். சாகலாம் என்ற எண்ணம்கூட ஒரு முறை வந்து, தன்னைத் தானே கடிந்துகொண்டு மீண்டதாக எழுதியிருக்கிறார்.

அப்புறம் எழுந்து உட்கார்ந்து வேலையை ஆரம்பித்தார். நான்கு கேள்விகளை எடுத்துக்கொண்டார். செத்த பிறகு நித்திய நரகம் என்பது நியாயமா? இவ்வளவு தீமை உள்ள உலகத்தைப் படைத்தவரை நல்லவர், அன்பானவர் என்று எந்த அர்த்தத்தில் சொல்வது? ஒருவர் செய்த பாவத்துக்கு இன்னொருவர் பாடுபடுவதை ஏற்றுக்கொள்வது நீதியாகுமா? வேதம் தேவனால் அருளப்பட்டது என்பதற்கு என்ன பொருள்? இயேசு கடவுளா என்ற கேள்வியைத் தொட அப்போது அவருக்குத் துணிவு வரவில்லை. அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தார்.

டார்வினின் பெரிய நூல் வெளிவந்து அப்போது பன்னிரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. குரங்கோ பரிணாமமோ இந்த நான்கில் எதிலும் இல்லை. நான்கில் மூன்று, நீதியைப் பற்றியவை.

ஆக்ஸ்ஃபர்டில் கிடைத்த பதில்

1872இல் பிராங்க் பெசன்டுக்கு லிங்கன்ஷயரில் சிப்சி என்ற கிராமத்துச் சேகரம் கிடைத்தது. அன்னி அங்கே குருமனையில் இருந்துகொண்டு படித்தார். திருச்சபைக்கு உள்ளேயே தாராளமான கருத்துடையவர்களின் நூல்களைத் தேடிப் படித்தார். எப்படியாவது உள்ளே இருக்க வழி கிடைக்காதா என்றுதான் அவர் தேடினார் என்பது படிக்கும்போது தெளிவாகத் தெரிகிறது. கேள்வி கடைசியில் இயேசுவின் தெய்வத்தன்மை வரை வந்து நின்றபோது, ஆங்கிலிக்கன் திருச்சபையைப் பழைய மரபுக்குத் திருப்ப முயன்ற ஆக்ஸ்ஃபர்டு இயக்கத்தின் பெரிய தலைவரான டாக்டர் பியூசியை நேரில் பார்த்துக் கேட்டுவிடுவது என்று புறப்பட்டார்.

குட்டையான, பருத்த உருவம், அங்கி, நேராகக் கண்ணுக்குள் பார்க்கும் கூர்மையான பார்வை. பியூசி அவரைப் பாவமன்னிப்புக்கு வந்தவராக நடத்தினார். இயேசுவின் தெய்வத்தன்மையைப் பற்றி வாதம் எடுத்ததும், "உங்கள் நியாயாதிபதியைப் பற்றிப் பேசுகிறீர்கள்" என்று தடுத்தார். படிக்க வேறு புத்தகம் ஏதாவது சொல்லுங்கள் என்று அன்னி கேட்டார். "இல்லை, இல்லை. ஏற்கெனவே அளவுக்கு மேல் படித்துவிட்டீர்கள். ஜெபம் பண்ணுங்கள், ஜெபம் பண்ணுங்கள்." உண்மை எது என்று நான் கண்டறிய வேண்டாமா என்றதற்கு வந்த பதில்: "உண்மையைக் கண்டறிவது உங்கள் கடமை அல்ல. திருச்சபை வகுத்த உண்மையை ஏற்று நம்புவதுதான் உங்கள் கடமை."

நம்பிக்கையோடு ரயில் ஏறிய ஒரு பெண்ணை அந்த வாசகம் வெறுங்கையோடு திருப்பி அனுப்பியது. பியூசி கெட்டவர் இல்லை. தன் அறிவுக்கு எட்டியபடி ஓர் ஆத்துமாவைக் காப்பாற்றத்தான் பார்த்தார். ஆனால் கேள்வியோடு வந்தவரைக் கேள்விக்காகவே குற்றவாளியாக்கியதும், அந்த இடத்தில் பதில் இல்லை என்று வந்தவருக்குத் தெரிந்துவிட்டது. மதத்தை விட்டுப் போனவர்கள் பலரிடம் பேசிப் பார்த்தால் இப்படி ஒரு சந்திப்பு கதையில் வரும். ஒரு பெரியவர், ஒரு பாதிரியார், ஒரு மௌலவி, ஒரு குருக்கள். கேட்ட கேள்வி மறந்திருக்கும். 'அதெல்லாம் கேட்கக் கூடாது' என்ற பதில் மறந்திருக்காது.

எழுந்து போனது

இனி விஷயம் புத்தகத்தை விட்டு நடைமுறைக்கு வருகிறது. குருவானவரின் மனைவி கோயிலுக்கு வராமல் இருக்க முடியாது. கணவனும் மனைவியும் ஓர் உடன்பாட்டுக்கு வந்தார்கள். ஆராதனைக்கு அன்னி வருவார். பொதுவாகக் கடவுளை நோக்கிச் சொல்லும் ஜெபங்களில் அவருக்குத் தடை இல்லை. திருவிருந்தில் மட்டும் சேர மாட்டார். இயேசுவைக் கடவுளாக அறிக்கையிட்டு அப்பமும் ரசமும் வாங்குவது, நம்பாத ஒருவருக்குப் பச்சைப் பொய் என்பது அவர் நிலை.

முதல் முறை திருவிருந்து தொடங்கும் நேரத்தில் எழுந்து வெளியே நடந்தபோது, கோயிலில் இருந்த ஒவ்வொரு கண்ணும் தன் முதுகில் பதிந்திருப்பதாக உணர்ந்து மயக்கமே வந்துவிடும் போல் இருந்தது என்று எழுதியிருக்கிறார். உண்மையில் நடந்தது வேறு. அம்மாவுக்குத் திடீரென்று உடம்புக்கு முடியவில்லை போல என்று ஊர்க்காரர்கள் நினைத்து, வரிசையாக வீட்டுக்கு வந்து நலம் விசாரித்தார்கள். குருவானவரின் மனைவி விசுவாசத்தை இழப்பாள் என்பது அந்த ஊராருக்குத் தோன்றவே இல்லை. யாராவது நேராகக் கேட்டால் மட்டும் அன்னி மறைக்காமல் சொன்னார்.

இந்தக் காலத்தில்தான் ஒரு நாள், ஆர்கன் வாசித்துப் பழகப் போனவர், கோயில் கதவைப் பூட்டிக்கொண்டு பிரசங்க மேடையில் ஏறி, காலி பெஞ்சுகளைப் பார்த்துத் தன் முதல் சொற்பொழிவை நிகழ்த்தினார். தலைப்பு, வேதம் அருளப்பட்டதா என்பது. பிற்காலத்தில் ஆயிரக்கணக்கானோரைக் கட்டிப்போட்ட குரல் அங்கேதான் முதலில் ஒலித்தது.

1873இல் இயேசுவின் தெய்வத்தன்மையைப் பற்றி அவர் எழுதிய துண்டறிக்கையை தாமஸ் ஸ்காட் என்பவர் வெளியிட்டார். அட்டையில் பெயர் இல்லை. ஒரு குருவானவரின் மனைவி என்று மட்டும் இருந்தது. விஷயம் வெளியே கசிந்தது, உறவுகள் கொதித்தன, கணவர் கெடு வைத்தார். திருவிருந்தில் ஒழுங்காகச் சேர வேண்டும், இல்லையென்றால் வீட்டை விட்டுப் போக வேண்டும். அன்னி வெளியேறினார். சட்டப்படி பிரிந்தபோது மகன் டிக்பி கணவரிடம், மகள் மேபல் இவரிடம். ஆண்டுக்கு 110 பவுண்டு ஜீவனாம்சம். வயது இருபத்தாறு.

பிடிக்காத கணவனை விடுவதற்குக் கடவுளை ஒரு சாக்காக வைத்தார் என்று சொல்பவர்கள் உண்டு. மணவாழ்வின் கசப்புக்குப் பங்கே இல்லை என்று நானும் சொல்ல மாட்டேன். மனிதர்கள் ஒரே காரணத்துக்காக எதையும் செய்வதில்லை. ஆனால் மகனை இழந்து, வீட்டை இழந்து, விக்டோரியா காலத்து இங்கிலாந்தில் பிரிந்து வாழும் பெண் என்ற பேரையும் சுமப்பதை விட, மாதம் ஒரு முறை ஒரு துண்டு அப்பத்தை வாயில் வாங்குவது எவ்வளவோ சுலபம். ஊருக்காக ஒரு கும்பிடு போட்டுவிட்டுப் போயேன் என்று நம் வீடுகளிலும் சொல்கிறார்களே, அதேதான் அவரிடமும் கேட்கப்பட்டது. பொய் சாட்சி சொல்லாதே என்று எந்த மதம் அவருக்குச் சிறுவயதில் கற்றுக்கொடுத்ததோ, அந்தப் பாடம்தான் அவரை அங்கே எழுந்து நிற்கவைத்தது. அன்னி பெசன்டின் கதையில் எனக்கு முக்கியமாகப் படுவது இதுதான். துன்பம் கேள்வியைக் கிளப்பியது. படிப்பு கேள்வியைக் கூராக்கியது. வெளியே போகவைத்தது நேர்மை. அந்த நேர்மை அவருக்குக் கோயிலிலிருந்து கிடைத்தது.

ஜெபம் நின்றபோது

வீட்டை விட்டுப் போனபோது அவர் நாத்திகர் இல்லை. கடவுள் ஒருவர் இருக்கிறார் என்று நம்பினார். திருச்சபையிலிருந்து நீக்கப்பட்ட சார்லஸ் வாய்சி நடத்திய ஆராதனைகளுக்குப் போனார்.

1874இல் தாயார் மரணப்படுக்கையில் இருந்தார். திருவிருந்து பெற ஆசைப்பட்டார், ஆனால் மகளும் கூடவே பெற்றால்தான் பெறுவேன் என்று பிடிவாதம். என் அன்னி இல்லாமல் காப்பாற்றப்படுவதை விட அவளோடு கெட்டுப்போகிறேன் என்றாராம். விசுவாசம் இல்லாதவருக்குக் கொடுக்க மாட்டோம் என்று குருமார்கள் மறுத்துவிட்டார்கள். அன்னி முன்பின் பழக்கமில்லாமல் வெஸ்ட்மின்ஸ்டர் தலைமைக் குரு ஸ்டான்லியிடம் போய், தன் நிலையை ஒளிக்காமல் சொன்னார். ஸ்டான்லி வீட்டுக்கு வந்தார். நம் கடவுள் உண்மையின் கடவுள், உண்மையை நேர்மையாகத் தேடுவது அவருக்கு ஒருநாளும் வருத்தம் தராது என்று தாயாரிடம் சொன்னார். இருவருக்கும் கொடுத்தார். மே மாதம் தாயார் கண்ணை மூடினார்.

பியூசியும் ஸ்டான்லியும் ஒரே திருச்சபையைச் சேர்ந்தவர்கள். அன்னி முதலில் ஸ்டான்லியிடம் போயிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று எனக்குத் தோன்றுவதுண்டு. அநேகமாக இன்னும் சில ஆண்டுகள் உள்ளே இருந்திருப்பார். முடிவு மாறியிருக்கும் என்று நான் நினைக்கவில்லை. கேள்விகள் அவருடையவை, அன்பான ஒரு மனிதர் அவற்றைத் தள்ளிப்போட முடியும், தீர்க்க முடியாது.

கடைசிப் படி சத்தமில்லாமல் கடந்தது. ஜெபத்தைப் பற்றி யோசித்தபோது, எல்லாம் அறிந்தவரிடம் தெரிவிப்பதற்கும், எல்லாம் நல்லதாகவே செய்பவரிடம் மாற்றச் சொல்வதற்கும் என்ன இருக்கிறது என்று தோன்றி, ஜெபிப்பதை விட்டார். ஜெபிக்காதவர்களின் அன்றாட வாழ்விலிருந்து கடவுள் மெல்ல மெல்ல மங்கிப்போகிறார் என்று இதைப் பற்றி எழுதினார். கோபமும் இல்லை, அழுகையும் இல்லை. பழக்கம் நின்றது, அதோடு உறவும் நின்றது. விட்டுவந்தவர்கள் எத்தனையோ பேரின் அனுபவம் இது. கதையாகச் சொல்ல இதில் சம்பவம் எதுவும் இல்லாததால் யாரும் சொல்வதில்லை.

அந்த ஆகஸ்டில் லண்டன் ஓல்ட் ஸ்ட்ரீட்டில் இருந்த அறிவியல் கூடத்துக்குப் போய், நாத்திகத் தலைவர் சார்லஸ் பிராட்லாவின் பேச்சைக் கேட்டார். அவர் நடத்திய நேஷனல் செக்யுலர் சொசைட்டியில் உறுப்பினரானார். கடவுள் இல்லை என்று நாத்திகர் சொல்வதில்லை, நீங்கள் கடவுள் என்று எதைச் சொல்கிறீர்கள் என்று எனக்கு விளங்கவில்லை என்கிறார் என்பது பிராட்லாவின் நிலைப்பாடு. அன்னி ஏற்கெனவே அங்கேதான் வந்து நின்றிருந்தார். கூட்டாளிகள் கெடுத்தார்கள் என்பது இவர் விஷயத்தில் பொருந்தாது. சிந்தனை முதலில் மாறியது, கூட்டாளிகள் அப்புறம்தான் வந்தார்கள்.

இதற்கு அவர் கொடுத்த பெரிய விலை 1878இல் வந்தது. கருத்தடை பற்றிய ஒரு துண்டறிக்கையை வெளியிட்டதற்காக முந்தின ஆண்டு அவர்மீதும் பிராட்லா மீதும் வழக்கு நடந்திருந்தது. அதையும், மகளுக்கு மதக்கல்வி தராமல் வளர்ப்பதையும் காட்டி பிராங்க் பெசன்ட் நீதிமன்றம் போனார். நீதிபதி ஜார்ஜ் ஜெசல் தாயிடமிருந்து குழந்தையைப் பிரிக்க உத்தரவிட்டார். எந்தக் குழந்தையின் மூச்சுக்காக நீராவிக் கூடாரத்தில் விழித்துக் கிடந்தாரோ, அந்த மேபலைக் கதறக் கதறத் தூக்கிப்போனார்கள். பிள்ளைகள் இருவரும் வளர்ந்து விவரம் தெரிந்ததும் தாயிடமே திரும்பி வந்தார்கள்.

தனி ஒருவரின் கதையா?

1967இல் சூசன் பட் என்ற ஆய்வாளர், 1850க்குப் பிந்தைய நூறு ஆண்டுகளில் இங்கிலாந்தின் செக்யுலர் இயக்கத்தில் இருந்தவர்களின் வாழ்க்கைக் குறிப்புகளைத் திரட்டி, அவர்கள் ஏன் விசுவாசத்தை விட்டார்கள் என்று பார்த்தார். விஞ்ஞானம் படித்து விட்டவர்கள் மிகக் குறைவு. பைபிளையே ஊன்றிப் படித்தது, நரகத்தைப் பற்றிய போதனை நியாயமாகப் படாதது, குருமார்கள் ஏழைகளுக்கு எதிராக நின்றது, இவைதான் மீண்டும் மீண்டும் வந்தன. அன்னியின் நான்கு பத்திகளும் நான்கு கேள்விகளும் அந்த வரிசையில் அப்படியே உட்காருகின்றன. சிப்சியிலும் பண்ணைக் கூலிகளின் வறுமையை அவர் கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

ஆனால் இதை எல்லாருக்கும் பொருத்திவிடக் கூடாது. அன்னி ஆழமான பக்தியிலிருந்து வந்தவர். மதம் என்பது வீட்டில் பண்டிகைக்கு மட்டும் எட்டிப்பார்க்கும் குடும்பங்களில் வளர்ந்தவர்கள் இன்று எந்தப் போராட்டமும் இல்லாமல் விலகிப்போகிறார்கள். அவர்களுக்குச் சிப்சியும் இல்லை, பியூசியும் இல்லை.

1889

அந்த ஆண்டு, தியாசாபிகல் சொசைட்டியைத் தொடங்கியவர்களில் ஒருவரான பிளாவாட்ஸ்கி அம்மையாரின் பெரிய நூலுக்கு மதிப்புரை எழுத எடுத்துப் படித்தவர், தியாசாபிகல் சொசைட்டியில் சேர்ந்துவிட்டார். பிராட்லா உடைந்துபோனார். 1880களில் பிராட்லாவின் லண்டன் செக்யுலர் சொசைட்டியைப் பார்த்து சென்னையில் இலௌகிக சங்கம் அமைத்து, 'தத்துவ விவேசினி' என்று தமிழில் இதழும் நடத்திய சிந்தனையாளர்கள் இருந்தார்கள். அதே சென்னை மாகாணத்துக்கு 1893 நவம்பரில், கொழும்பிலிருந்து தூத்துக்குடியில் வந்து இறங்கிய அன்னி பெசன்ட், கர்மத்தையும் மறுபிறப்பையும் போதிக்க வந்திருந்தார்.

இதைக் காட்டி, பார்த்தாயா கடைசியில் திரும்பி வந்தாள் என்பவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. அவர் விட்டுப்போன திருச்சபைக்குத் திரும்பவில்லை. தியாசபியில் நித்திய நரகம் கிடையாது. ஒருவர் பாவத்தை இன்னொருவர் சுமப்பது கிடையாது. ஒரே வேதம்தான் கடவுள் தந்தது என்ற பேச்சும் கிடையாது. குழந்தை ஏன் துன்பப்படுகிறது என்பதற்கு, முன்வினை என்று ஒரு பதில் இருக்கிறது. 1871இல் எழுதிக்கொண்ட நான்கு கேள்விகளுக்கும் இசைந்த இடம் தேடி அவர் பதினெட்டு ஆண்டுகள் நடந்திருக்கிறார். கேள்விகளில் ஒன்றையும் கைவிடவில்லை.

அந்த நான்காவது பதில் எனக்கு ஒப்பவில்லை. ஒரு வயது நிரம்பாத மேபல் மூச்சுக்குத் திணறியதற்கு, அவளுக்கே தெரியாத ஏதோ ஒரு பிறவியில் அவள் செய்த குற்றம்தான் காரணம் என்று சொல்வது, நரகத்தைக் காட்டிப் பயமுறுத்தியதை விட எந்த வகையில் இரக்கமானது? சிப்சியில் இருந்த இருபத்தைந்து வயது அன்னியிடம் இந்தப் பதிலைச் சொல்லியிருந்தால், இதற்கும் ஒரு துண்டறிக்கை எழுதியிருப்பார்.